மலையேறி வந்த வேதக்காரர்கள்

எங்க பக்கம் பழைய ஆட்கள் கிறிஸ்தவர்களை "வேதக்காரங்க"ன்னுதான் சொல்வாங்க. சர்ச் வேதக்கோயில். கொடைக்கானலே வேதக்காரர்கள் உண்டாக்கின ஊர்தானே, அப்போ மதம் பரப்பத்தான் மலைக்கு வந்திருப்பாங்கன்னு பலரும் நினைக்கிறாங்க. வரலாறு வேற மாதிரி இருக்கு.

அமெரிக்கன் மிஷன் ஆட்கள் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்தது 1834-இல். வந்த சில வருஷத்திலேயே காலராவும் காய்ச்சலும் அவங்களையும் பிள்ளைகளையும் வாரிக்கொண்டு போனது. உயிர் தப்ப முதலில் சிறுமலைக்குப் போய்ப் பார்த்தார்கள். அங்கேயும் காய்ச்சல் விடவில்லை. லெப்டினன்ட் வார்டு என்ற சர்வேயர் 1821-லேயே பழனி மலையை அளந்து எழுதி வைத்திருந்தார். அதனால் இங்கே இப்படி ஒரு குளிர்ந்த இடம் இருப்பது வெள்ளைக்காரர்களுக்குத் தெரியும். 1845-இல் சன்னிசைடு, ஷெல்டன் என்று இரண்டு பங்களா எழும்பியது. ஆக, மலைக்கு வந்தது பிழைத்துக் கிடக்க. ஊழியமெல்லாம் கீழே மதுரை, திண்டுக்கல் சமவெளியில்.

லாஸ் காட் ரோடு வருவதற்கு முன்னால் பாதை பெரியகுளம் பக்கம் கிருஷ்ணமநாயக்கன் தோப்பிலிருந்து செங்குத்தாக ஏறும். துரை, துரைசாணி, குழந்தைகள், பெட்டி படுக்கை எல்லாம் கூலி ஆட்களின் தோளில்தான். டோலியில் உட்கார்ந்து போகிறவர் தூக்குகிறவனுக்கு "தேவன் முன்னால எல்லாரும் சமம்"னு எப்படிச் சொல்லியிருப்பார்? மிளகு மூட்டையைத் தலையில் வைத்து இறக்கினவன் என்ற முறையில் எனக்கு இந்தக் கேள்வி வருது.

ஆனா ஒரு விஷயத்தில் அவங்க விட்டுக்கொடுக்கவே இல்லை. அது சோறு. 1847-இல் மதுரை மிஷன் ஒரு முடிவுக்கு வந்தது. மிஷனில் வேலை பார்க்கும் உபதேசியார்கள் எல்லாரும் சாதி பார்க்காமல் ஒன்றாக உட்கார்ந்து, தாழ்த்தப்பட்டவர் சமைத்ததைச் சாப்பிட வேண்டும். மாட்டேன் என்றால் வேலையில்லை. பைபிளைத் தலைகீழாகச் சொல்லக்கூடிய பல பேர் அந்த இலையின் முன்னால் உட்கார மறுத்து வெளியே போனார்கள். பிரசங்கம் கேட்கிறது லேசு, பக்கத்து இலையில் யாருன்னு பார்க்காம சாப்பிடுறது கஷ்டம். இன்னைக்கும் நம்ம கல்யாணப் பந்தியில நடக்கிறதைப் பார்த்தா, 1847-இல் அது எவ்வளவு பெரிய பரீட்சைன்னு புரியும்.

இதே மதுரைக்கு 1606-இல் வந்த இத்தாலியச் சேசு சபைச் சாமியார் ராபர்ட் தெ நொபிலி நேர் எதிர் வழியில் போனவர். காவி கட்டினார், சைவம் சாப்பிட்டார், சமையலுக்குப் பிராமணரை வைத்துக்கொண்டார். சாதி வழக்கத்தில் கை வைத்தால் யாரும் காது கொடுத்துக் கேட்க மாட்டார்கள் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கால் ஆள் சேர்ந்தது உண்மை. கூடவே சாதியும் வேதக்கோயிலுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. எனக்கு அமெரிக்கர்கள் செய்ததுதான் சரின்னு படுது, டோலி விஷயத்தைத் தவிர.

பாட்டுக் கதை இதைவிட சுவாரஸ்யம். வெள்ளைக்கார ராகத்தில் தமிழ் வார்த்தையை அடைத்துப் பாடினால் யார் வாயில் நிற்கும்? திண்டுக்கல்லில் இருந்த எட்வர்ட் வெப் என்ற மிஷனரி அதைப் புரிந்துகொண்டு, தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகளைச் சேகரித்து 1853-இல் புத்தகமாகப் போட்டார். சாஸ்திரியார் சரபோஜி மன்னருக்கு வேண்டியவர், பெரிய புலவர். சாதி விஷயத்தில் மிஷனரிகள் தலையிடக் கூடாதென்று எழுதிச் சண்டை போட்டவரும் அவரேதான்! சமபந்திக்காக உபதேசியார்களை வெளியே அனுப்பிய மிஷன், அதை எதிர்த்தவரின் பாட்டை எடுத்துக்கொண்டது. நாத்து நடுற இடத்திலும் அடுப்படியிலும் முணுமுணுக்கிற மாதிரி பாட்டு கிடைத்தபின், பிரசங்கியார் போகாத வீட்டுக்குள்ளும் அது போச்சு.

மலையில் பிரெஞ்சு சேசு சபையாரும் வந்தார்கள். சாமியார் சேன் சீர் எழுப்பிய சலேத் மாதா கோயில் 1866-ஆம் வருஷத்தது. செண்பகனூரில் திரு இருதயக் கல்லூரி 1895-இல் வந்தது. அங்கிருந்த சாமியார் ஆங்லாட் நம்ம மலையில் கிடக்கிற கற்திட்டைகளைத் தேடித்தேடி ஆராய்ந்து எழுதியவர். நாம ஆடு கட்டவும் வரப்புக்கும் பிடுங்கிப் போட்ட கல்லெல்லாம் பெருங்கற்காலத்து ஆட்களின் சமாதின்னு அவர் சொல்லித்தான் பலருக்குத் தெரிஞ்சது. அதுக்கு நன்றி சொல்லணும்.

எதிர்த்திசையில் வந்தவர் ஒருத்தரும் உண்டு. இலங்கை சர் பொன்னம்பலம் ராமநாதனின் மனைவி லீலாவதி அம்மையார் வெள்ளைக்காரப் பெண்மணி. சைவத்துக்கு மாறியவர். 1936-இல் குறிஞ்சி ஆண்டவர் கோயிலைக் கட்டியவர் அவர்தான். முருகன் ஊரான பழனி கீழே தெரிகிற மாதிரி பார்த்து இடம் பிடித்திருக்கிறார். அவரை அந்தப் பக்கம் திருப்பியது யார் பிரசங்கம் என்று தெரிந்தால் நல்லாயிருக்கும்.

மிஷனரிகள் ஞாயிற்றுக்கிழமையை ஓய்வுநாளாக, வேலையே செய்யாமல் அனுசரித்தவர்கள். அவங்க உண்டாக்கின கொடைக்கானலில் ஞாயிற்றுக்கிழமைதான் வாரச்சந்தை. ஆராதனை முடிந்து வருகிறவர்கள் அப்படியே பை எடுத்துக்கொண்டு இறங்குவார்கள். பீன்ஸ், கேரட், பூண்டு எல்லாம் அந்த நேரத்தில்தான் வேகமாகப் போகும். போன வாரம் பூண்டு நல்ல விலைக்குப் போச்சு.