உச்சநேரத்தின் விலை

மின்சாரம் விற்கிற கம்பெனியே தன் வாடிக்கைக்காரரின் வீட்டிலிருந்து அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு, வாங்கியதற்குப் பணமும் கொடுக்கிற விநோதம், அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் மலையும் பனியும் சூழ்ந்த வெர்மான்ட் மாநிலத்தில் இன்று சர்வசாதாரணமான காரியமாகிவிட்டது. சுவரில் மாட்டிய பேட்டரி நேற்று வந்ததுதான் என்றாலும், அதற்குக் கூலி கொடுக்கும்படி கம்பெனியைத் தூண்டுகிற கணக்கு நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பழமை உடையது. அந்தக் கணக்கை அறியாதவருக்கு இது தர்ம சிந்தனையாகவோ பைத்தியக்காரத்தனமாகவோதான் தோன்றும்.

1882 செப்டம்பர் 4 அன்று நியூயார்க்கின் பேர்ல் தெருவில் எடிசன் வெளிச்சம் விற்கத் தொடங்கிய நாள் முதலே இந்த வியாபாரத்துக்கு ஒரு சங்கடம் உண்டு. நெல்லைப்போல் இதைக் களஞ்சியத்தில் கொட்டி வைத்து வேண்டும்போது அளக்க முடியாது. எல்லோரும் ஒருசேர விளக்கேற்றுகிற மாலை வேளைக்கு எத்தனை யந்திரம் வேண்டுமோ அத்தனையையும் முதல் போட்டு வாங்கி, மீதி நேரமெல்லாம் அவற்றில் பாதியைச் சும்மா நிறுத்தி வைக்க வேண்டும். எடிசனின் காரியதரிசியாக இருந்து, பிற்பாடு சிகாகோவின் மின்சாரத் தொழிலையே ஆட்டிவைத்த சாமுவேல் இன்சல், 1894இல் இங்கிலாந்தின் கடற்கரை ஊரான பிரைட்டனுக்குப் போனபோது, ஆர்தர் ரைட் என்பவர் செய்திருந்த ஒரு மீட்டரைக் கண்டார். ஒருவர் மொத்தம் எவ்வளவு செலவழித்தார் என்பதற்கு மேல், ஒரே சமயத்தில் அதிகபட்சம் எவ்வளவு இழுத்தார் என்பதையும் காட்டிக்கொடுக்கிற மீட்டர் அது. கம்பெனிக்குச் செலவு வைப்பது அந்த இரண்டாவது அளவுதான் என்பதை இன்சல் அங்கே தெளிவாகக் கண்டுகொண்டார். பின்னால் வந்த கட்டணத் தத்துவங்களில் பெரும்பாலானவை அதற்கு எழுதப்பட்ட வியாக்கியானங்களே என்பது என் அபிப்பிராயம்.

ஆயினும், வாங்குகிறவர் விற்கவும் கூடும் என்ற எண்ணம் கம்பெனிகளுக்கு லேசில் ரசிக்கவில்லை. 1976இல் நியூயார்க்கின் கிழக்குப் பதினோராம் தெருவில், சிதிலமான ஒரு குடியிருப்பைத் தங்கள் கையுழைப்பாலேயே புதுப்பித்த ஏழை ஜனங்கள், மொட்டைமாடியில் இரண்டு கிலோவாட் காற்றாடி ஒன்றை நிறுத்தி, மிஞ்சிய மின்சாரத்தைத் தெருக் கம்பியில் செலுத்த முற்பட்டபோது, நகரத்தின் மின் கம்பெனி ஆட்சேபம் எழுப்பி, விவகாரம் வழக்கு வரைக்கும் வளர்ந்தது. 1978இல் கார்ட்டர் ஆட்சியில் பிறந்த சட்டமோ, சிறு உற்பத்தியாளர் தருகிற மின்சாரத்தைக் கம்பெனிகள் வாங்கியே தீர வேண்டும் என்று விதித்துவிட்டது. உற்பத்திக்கு வழி பிறந்ததே தவிர, சேமிப்புக்குப் பிறக்கவில்லை. 1997இல் வில்லெட் கெம்ப்டன், ஸ்டீவன் லெட்டெண்டர் என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள், கொட்டகையில் நிற்கிற மின்சாரக் காரின் பேட்டரியைக் கம்பெனியே உச்சநேரத்தில் பயன்படுத்திக்கொள்ளலாமே என்று எழுதியபோது, அப்படிப்பட்ட கார்கள் தெருவில் அநேகமாக இல்லவே இல்லை.

வெர்மான்ட் இதில் முந்திக்கொண்டதற்குக் காரணம் உண்டு. நியூ இங்கிலாந்தின் ஆறு மாநிலங்களுக்கும் மின்தொகுப்பு ஒன்றே. அதைப் பராமரிக்கிற செலவு, அந்தந்தக் கம்பெனி உச்சநேரத்தில் எவ்வளவு இழுத்தது என்பதைப் பார்த்தே பங்கிடப்படுகிறது. வருஷத்திலேயே உச்சமான ஒரு மணி நேரம் ஒரு பெரும் தொகையையும், மாதந்தோறும் வருகிற உச்சமான மணி நேரம் இன்னொரு தொகையையும் நிர்ணயிக்கின்றன. அந்த மணி நேரத்தில் பத்து மெகாவாட் குறைத்து இழுக்கத் தெரிந்த கம்பெனிக்கு லாபம் லட்சக் கணக்கில். தொல்லை என்னவென்றால், எது உச்சமான மணி என்பது கடந்து போன பிறகுதான் நிச்சயப்படும். முன்கூட்டி ஊகிக்கத்தான் வேண்டும். கூரைகளில் சூரியத் தகடுகள் பெருகப் பெருக, நடுப்பகலில் இருந்த உச்சம் பொழுது சாய்ந்த வேளைக்கு நகர்ந்துவிட்டதால், சூரியனை நம்பியும் பயனில்லை. இந்த ஊகத்தில்தான் கிரீன் மவுண்டன் பவர் என்ற கம்பெனி பிழைக்க வழி கண்டது. 1941இலேயே கிராண்ட்பாஸ் நாப் என்ற மலையுச்சியில் மெகாவாட்டைத் தாண்டிய உலகின் முதல் காற்றாலை மின்சாரத்தைத் தன் கம்பிகளில் ஏற்று, நான்கு வருஷத்தில் அதன் இறக்கை முறிந்து விழக் கண்ட பழைய கம்பெனி ஒன்று, 2012இல் இதோடு இணைந்துவிட்டது. துணிச்சல் அந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல.

2017இல் இரண்டாயிரம் வீடுகளுக்கு டெஸ்லாவின் பவர்வால் என்ற பேட்டரியை மாதம் 15 டாலர் வீதம் பத்து வருஷத்துக்கு, அல்லது ஒரே தடவையில் 1,500 டாலருக்கு, தருவதாகக் கம்பெனி முன்வந்தது. ஆள் மார்பளவு உயரமும் ஒரு சாண் கூட இல்லாத கனமும் கொண்ட அந்த வெள்ளைப் பெட்டி, வீட்டின் நிலவறையிலோ வெளிச்சுவரிலோ ஓசையின்றித் தொங்கிக்கொண்டு, பதின்மூன்றரை யூனிட்டைத் தன்னுள் அடக்கிக்கொள்ளும். உச்சநேரம் நெருங்குவதாக ஊகித்ததும், வீட்டுக்காரர் அடுக்களையில் ராச்சாப்பாட்டுக்கு அடுப்பு மூட்டிக்கொண்டிருக்கையிலேயே, கம்பெனி தூரத்திலிருந்தபடி ஆணையிட, பெட்டி முதலில் வீட்டின் தேவையை நிறைவேற்றி, மிச்சத்தைத் தெருவுக்கு விடும். இரண்டு மூன்று மணி நேரத்தில் ஏறக்குறைய காலியாகி, பிற்பாடு மீண்டும் நிரம்பும். புயல் வருமென்று தெரிந்தால் மட்டும் கம்பெனி அதைத் தொடாமல், முழுக்க நிரப்பி வீட்டுக்காரருக்கே விட்டுவைக்கும். 2018 ஜூலையில் வெயில் கொளுத்திய வாரத்தில், ஏறத்தாழ ஐந்நூறு வீட்டுப் பெட்டிகளும் கம்பெனியின் இதர சேமிப்புகளும் சேர்ந்து சுமார் ஐந்து லட்சம் டாலரை மிச்சப்படுத்தியதாக அறிவிக்கப்பட்டது.

மாதம் 15 டாலர் என்பது சோதனைக் காலத்துச் சலுகை. 2020இல் மாநிலத்தின் ஒழுங்குமுறை ஆணையம் இரண்டு நிரந்தரத் திட்டங்களை அங்கீகரித்தது. ஒன்றில், இரண்டு பவர்வால்களுக்கு மாதம் 55 டாலர் வாடகை. மற்றதில், வீட்டுக்காரர் தம் சொந்தப் பேட்டரியைக் கொண்டுவரலாம்: மூன்று மணி நேரம் கொடுப்பதாக ஒப்புக்கொண்டால் கிலோவாட்டுக்கு 850 டாலர், நான்கு மணி என்றால் 950, கம்பி நெருக்கடி உள்ள வட்டாரமானால் மேற்கொண்டு 100. ரொக்கம் முன்னதாகவே கைக்கு வந்துவிடும். பதிலுக்குப் பத்து வருஷம் பெட்டியின் சாவி கம்பெனியிடம். வீட்டுக்காரர் விற்பது மின்சாரத்தை என்று எழுதுகிறவர்கள் உண்டு. யூனிட் கணக்குப்படி அதன் மதிப்பு சொற்பமே. அவருக்குக் கிடைப்பது, குறிப்பிட்ட மணியில் தொகுப்பிலிருந்து இழுக்காமல் இருப்பதற்கும், தம் பெட்டியின்மேல் பிறருக்கு அதிகாரம் கொடுப்பதற்குமான சம்பளம். பேட்டரி வாங்க வசதியற்ற பக்கத்து வீட்டுக்காரர் இதனால் நஷ்டப்படுவாரோ என்ற நியாயமான கேள்விக்கு, உச்சநேரச் செலவில் மிஞ்சுவது எல்லோருடைய கட்டணத்திலும் குறைகிறது என்பது கம்பெனியின் பதில். ஒவ்வொரு திட்டத்திலும் வருஷத்துக்கு ஐந்நூறு பேர் என்றிருந்த வரம்பை ஆணையம் 2023 ஆகஸ்டில் நீக்கியது. அதே வருஷம் அக்டோபரில், மின்வெட்டே இல்லாத நிலையை எட்டுவதற்காக, மலைக் கிராமங்களில் கம்பியைப் பூமிக்குள் புதைப்பதோடு வீடுகளில் பேட்டரி வைக்கும் செலவையும் மூலதனச் செலவாகவே ஏற்க அனுமதி கேட்டு, கம்பெனி மறுபடி ஆணையத்தின் வாசலுக்கு வந்தது.