பொள்ளாச்சி மகாலிங்கமும் எங்க அவிநாசித் தண்ணியும்

அருட்செல்வர்னா உங்களுக்கெல்லாம் என்ன ஞாபகம் வரும்? வள்ளலார் விழா, 'ஓம் சக்தி' பத்திரிகை, குமரகுரு காலேஜ், ஏபிடி பார்சல். அவர் 1952லிருந்து 1967 வரை மூணு தடவை பொள்ளாச்சி எம்.எல்.ஏ.வா இருந்தவர்ங்கறது பலருக்கு மறந்தே போச்சு. எனக்கு முக்கியமாப் படறது அந்தப் பதினஞ்சு வருஷம்தான்.

நா.மகாலிங்கம் பிறந்தது 1923ல. அப்பா நாச்சிமுத்துக் கவுண்டர் பஸ் கம்பெனி முதலாளி. மகன் சட்டசபையில இருந்த காலத்துலதான் பரம்பிக்குளம் - ஆழியாறு திட்டம் உருவாச்சு. காமராஜர் முதல்வர், சி.சுப்பிரமணியம் மந்திரி, இவர் உள்ளூர் எம்.எல்.ஏ. மூணு பேரும் விடாப்பிடியா நின்னாங்க. மேற்கே ஓடற ஆத்துத் தண்ணியைச் சுரங்கம் வெட்டி கிழக்கே திருப்பறதுன்னா சும்மாவா! 1961ல நேரு வந்து தொடங்கி வச்சார்.

இதுல ஒரு சூட்சுமம் இருக்குங்க. தண்ணி மலையிலிருந்து இறங்கி வருது. வர்ற வழியில சர்க்கார்பதியில 30 மெகாவாட், ஆழியாறு மின்நிலையத்துல 60 மெகாவாட்னு கரண்டையும் குடுத்துட்டு, அப்புறமா வயலுக்குப் போவுது. ஒரே தண்ணி, ரெண்டு வருமானம். யாவாரிக்குப் பிடிக்காம இருக்குமா?

மனுசன் சக்தி சுகர்ஸ்லயும் அதே கணக்கைத்தான் போட்டார். 1961ல தொடங்கின கம்பெனி, ஆலை பவானி பக்கம் ஆப்பக்கூடல்ல. சர்க்கரை எடுத்த மிச்சத்துல சாராய ஆலை, கரும்புச் சக்கையை எரிச்சு மின்சாரம்னு பின்னால அது வளர்ந்துச்சு.

சரி, எங்க கதைக்கு வர்றேன். பிஏபி வாய்க்கால் உடுமலை, பல்லடம், காங்கயம்னு போச்சு. நொய்யலுக்கு வடக்கே இருக்கற அவிநாசிக்கு வரலை. மேடுங்க. எங்களுக்குக் கிடைச்சது 'அத்திக்கடவு'ங்கற தேர்தல் வாக்குறுதி மட்டும்தான் (எத்தனை தேர்தல்னு எண்ணிப் பாக்காதீங்க!).

நதிகளை இணைக்கணும்னு கடைசி வரைக்கும் பேசிட்டிருந்த மகாலிங்கம், 2014 அக்டோபர் 2ஆம் தேதி சென்னையில வள்ளலார் - காந்தி விழாவுல இருந்தப்பவே காலமானார். அத்திக்கடவுக்கு 2019ல அடிக்கல் நாட்டினாங்க. 2024 ஆகஸ்ட் 17ல திறந்தாங்க. 1,045 குளம் குட்டை, 1.5 டிஎம்சி. ஆனா பிஏபிக்கு நேர் எதிர் கணக்கு. காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே இருந்து ஆறு நீரேற்று நிலையம் வச்சு மேல தள்ளணும். அங்க தண்ணி கரண்டு குடுக்குது, இங்க தண்ணி கரண்டைக் குடிக்குது. அதுவும் பவானியில உபரி ஓடினாத்தான் மோட்டார் போடுவாங்க.