குழித்தட்டில் கேட்ட கேள்விகள்: பெருங்குடல் புற்றுச் செல்களில் மருந்துச் சோதனை வளர்ந்த வரலாறு

பெருங்குடல் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு இன்றும் முதுகெலும்பாக இருப்பது 5-ஃப்ளோரோயுராசில். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் சார்லஸ் ஹைடல்பெர்கர் 1957இல் அதை அறிவித்தபோது, இன்று ஆய்வகங்கள் நம்பியிருக்கும் பெருங்குடல் புற்றுச் செல் வரிசைகளில் ஒன்றுகூடப் பிறந்திருக்கவில்லை. எலியின் கல்லீரல் கட்டி சாதாரணத் திசுவைவிட அதிகமாக யுராசிலை உறிஞ்சுகிறது என்று தெரிந்திருந்தது. அந்த யுராசிலில் ஒரு ஹைட்ரஜனை எடுத்துவிட்டு ஃப்ளோரினை வைத்தால், கட்டி உணவென நம்பி நஞ்சை உட்கொள்ளும் என்பது அவர் எண்ணம். ரோஷ் நிறுவனத்தின் ராபர்ட் டுஷின்ஸ்கி சேர்மத்தைத் தயாரித்தார். கட்டி வைத்த எலிகளில் சோதனை நடந்தது.

செல்கள் பின்னால்தான் வந்தன. 1964இல் யோர்கன் ஃபோக், 44 வயதுப் பெண் ஒருவரின் குடல் கட்டியிலிருந்து எச்.டி.-29 வரிசையை வளர்த்தெடுத்தார். 1981இல் எச்.சி.டி.-116 வந்தது. ஆனாலும் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1980களின் நடுப்பகுதிவரை புதிய சேர்மங்களை முதலில் பி-388 என்ற சுண்டெலி இரத்தப் புற்றின் மீதே சோதித்து வந்தது. இரத்தப் புற்றுக்கென்று பின்னிய சல்லடையில் இரத்தப் புற்று மருந்துகள்தான் நின்றன. குடல், நுரையீரல் போன்ற திடக்கட்டிகளுக்கானவை அரிதாகவே கிடைத்தன.

1983இல் டிம் மோஸ்மன் வெளியிட்ட எம்.டி.டி. சோதனை வேலையை எளிதாக்கியது. 96 குழிகள் உள்ள தட்டில் செல்களை வளர்த்து, சேர்மத்தை வெவ்வேறு செறிவுகளில் இட்டு, பிறகு மஞ்சள் நிற எம்.டி.டி.யைச் சேர்க்க வேண்டும். உயிருள்ள செல் அதை ஊதா நிற ஃபார்மசானாக மாற்றும். ஊதா எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு செல்கள் பிழைத்திருக்கின்றன என்று கணக்கு. இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். இந்தச் சோதனை அளப்பது செல்லின் வளர்சிதை மாற்றத்தை. சாவை நேரடியாக அளப்பதில்லை. வேகம் குறைந்த செல்லும் செத்த செல்லும் ஒரே வெளிறலைக் காட்டலாம். சில சேர்மங்கள் செல்லின் துணையின்றித் தாமாகவே எம்.டி.டி.யை ஊதாவாக்கிவிடும்.

1990இல் அமெரிக்க நிறுவனம் 60 மனிதப் புற்றுச் செல் வரிசைகளைக் கொண்ட புதிய சோதனை முறையைத் தொடங்கியது. பின்னர் நிலைபெற்ற தொகுப்பில் எச்.டி.-29, எச்.சி.டி.-116 உட்பட ஏழு பெருங்குடல் வரிசைகள் உள்ளன. இதன் பெரும் பலன், ஒரு சேர்மம் எந்தச் செல்களைத் தாக்குகிறது, எவற்றை விட்டுவிடுகிறது என்ற வடிவம் தெரிந்ததே. ஒரே வடிவம் காட்டும் இரு சேர்மங்கள் பெரும்பாலும் ஒரே வழியில்தான் செயல்படுகின்றன.

ஆக்ஸாலிபிளாட்டின் இதற்குச் சிறந்த சான்று. 1976இல் ஜப்பானின் நகோயாவில் யோஷினோரி கிதானி இதைத் தயாரித்தார். சிஸ்பிளாட்டினின் உறவுக்காரச் சேர்மம்தான்; ஆனால் சிஸ்பிளாட்டின் குடல் புற்றில் பெரிதாகப் பயன்படவில்லை. 60 வரிசைகளில் வைத்துப் பார்த்தபோது ஆக்ஸாலிபிளாட்டினின் வடிவம் தனியாக நின்றது. பெருங்குடல் செல்களிலும் அது வேலை செய்தது. காரணத்தையும் செல்களே சொல்லின. எச்.சி.டி.-116 செல்லில் டி.என்.ஏ.யின் பொருந்தாப் பிழைகளைத் திருத்தும் எம்.எல்.எச்.1 மரபணு செயலிழந்துள்ளது. அத்தகைய செல் சிஸ்பிளாட்டினைக் கூடுதலாகத் தாங்கும். அந்த மரபணு இருக்கும் மூன்றாம் குரோமோசோமைப் புகுத்தித் திருத்தும் திறனை மீட்டதும் சிஸ்பிளாட்டினுக்குக் கூடுதலாக மசிந்தது. ஆக்ஸாலிபிளாட்டினுக்கோ இரண்டு செல்களும் ஒன்றுதான். பிரான்ஸ் 1996இலும் அமெரிக்கா 2002இலும் அம்மருந்தை அனுமதித்தன.

இன்னொரு குடல் புற்று மருந்தான இரினோடெக்கானின் தாய்ச்சேர்மம் கேம்ப்டோதெசின். அது சீன மரமொன்றில் 1966இல் கண்டறியப்பட்டது. மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் மாப்பியா மரத்திலும் அது இருப்பதை 1972இல் காட்டியவர்களில் ஒருவர், சென்னை மாநிலக் கல்லூரியின் முதல்வராக இருந்த டி.ஆர். கோவிந்தாச்சாரி. நம் இளம் வேதியியலாளர்கள் அவரை அறிந்திருக்க வேண்டும்.

பி-ராஃப் மரபணு மாற்றத்தைக் குறிவைக்கும் வெமுராஃபெனிப் தோல் புற்றான மெலனோமாவில் கட்டிகளைச் சுருக்கியது. அதே மாற்றம் கொண்ட குடல் புற்றில் தோற்றது. 2012இல் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் குடல் செல்களில் மரபணுக்களை ஒவ்வொன்றாக அடக்கிப் பார்த்தார்கள். பி-ராஃபை அடைத்தால் ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற ஏற்பி விழித்துக்கொண்டு மாற்றுவழி திறக்கிறது என்பது தெரிந்தது. இரண்டையும் சேர்த்து அடைக்கும் எங்கோராஃபெனிப், செடுக்சிமாப் கூட்டுச் சிகிச்சை 2020இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இந்தத் துறையில் நான் மிகவும் மதிக்கும் ஆய்வு இது. தோல்வியை மூடி வைக்காமல் செல்லிடமே கொண்டுபோய்க் கேட்டது.

இன்று புதிய சேர்மத்தைத் தயாரித்து, எச்.டி.-29இல் எம்.டி.டி. செய்து, பாதிச் செல்களை அடக்கும் செறிவு என்ற ஒற்றை எண்ணோடு முடியும் கட்டுரைகள் ஏராளம். அந்த எண் மட்டும் போதாது. அத்தகைய கட்டுரை எழுதும் ஆய்வு மாணவர்களை வேண்டிக்கொள்கிறேன்: அதே அட்டவணையில் சாதாரணப் பெருங்குடல் செல்லுக்கான எண்ணையும், 5-ஃப்ளோரோயுராசிலுக்கான எண்ணையும் சேர்த்து அச்சிடுங்கள்.