இணைப்பிகளில் உறையும் பெயர்கள்

போர்களின் வரலாறு தளபதிகளின் பெயர்களால் எழுதப்படுகிறது. அப்போர்களை நடத்த உதவிய கருவிகளின் வரலாறோ பெரும்பாலும் எழுதப்படுவதேயில்லை. ஆய்வுகூடங்களில் இன்றும் அன்றாடம் கையாளப்படும் சில சின்னஞ்சிறு உலோகத் துண்டுகளுக்குப் பின்னால் இரண்டாம் உலகப் போரின் கதையொன்று ஒளிந்திருக்கிறது. அதை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நுண்ணலைச் சமிக்ஞைப் பிறப்பாக்கி என்பது, அதிர்வெண்ணும் வலிமையும் துல்லியமாகத் தெரிந்த ஓர் அலையைச் செயற்கையாக உண்டாக்கித் தரும் கருவியாகும். ராடர், செய்மதி, தொலைபேசிக் கோபுரம் ஆகியவற்றின் வாங்கிகள் சரிவர இயங்குகின்றனவா என்று சோதிக்க இது பயன்படுகிறது. பல கருவிகளின் முகப்பில் புரியுடன் கூடிய சற்றுப் பெரிய வட்டமான வெளியீட்டு வாய் ஒன்று இருக்கும். அதுவே 'என்' வகை இணைப்பி. சிறிய வாய்கள் வேறு சில உண்டு. அலையை மாற்றியமைக்கும் சமிக்ஞைகளை உட்செலுத்தவும், இரு கருவிகளை ஒரே 10 மெகாஹேர்ட்ஸ் தாளத்தில் இணைத்து இயக்கவும் உதவும் அவை 'பி.என்.சி.' இணைப்பிகள்.

1940இல் பிரித்தானியாவின் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ரண்டால், பூட் என்னும் இருவர் குழிவறை மக்னெட்ரோனை உருவாக்கினர். அதே ஆண்டு செப்ரெம்பரில் டிசார்ட் குழுவினர் அதை அமெரிக்காவுக்கு எடுத்துச் சென்றனர். அதுவரை மீற்றர்க் கணக்கில் இருந்த ராடர் அலை 10 சென்ரிமீற்றராகச் சுருங்கியது. அதாவது, அதிர்வெண் 3 கிகாஹேர்ட்ஸ் அளவுக்கு ஏறியது. புதிய ராடர்களைச் சோதிக்கப் புதிய கருவிகள் வேண்டியிருந்தன. ஹியூலட் பக்கார்ட் நிறுவனம் 1943இல் நுண்ணலைத் துறைக்குள் நுழைந்ததே, அமெரிக்கக் கடற்படை ஆய்வுகூடத்துக்காகச் சமிக்ஞைப் பிறப்பாக்கிகளைச் செய்யப் போய்த்தான்.

ஆனால் கருவி இருந்தால் மட்டும் போதாது. அலை வெளியே வர வாசல் வேண்டும். அப்போது வழக்கிலிருந்த 'யூ.எச்.எப்.' இணைப்பி, பெயருக்கு மாறாக, இவ்வளவு உயர்ந்த அதிர்வெண்ணுக்கு உதவவில்லை. மின்மறிப்பு வடத்தில் ஓரளவாகவும் இணைப்பியில் வேறளவாகவும் இருந்தால், அலையின் ஒரு பகுதி சுவரில் மோதிய பந்துபோல் திரும்பிவிடும். பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த போல் நீல் என்னும் பொறியியலாளர் 1940களின் முற்பகுதியில் இதற்கு விடை கண்டார். வடத்தின் மின்மறிப்பை இடையறாது தொடரச் செய்யும் அவரது இணைப்பியே 'என்' வகை. பிற்காலத்தில் அது 18 கிகாஹேர்ட்ஸ் வரை செம்மைப்படுத்தப்பட்டது.

அந்த 'என்' என்ற எழுத்து 'நேவி', அதாவது கடற்படையைக் குறிப்பதாகச் சொல்வோர் உளர். உண்மையில் அது நீலின் முதலெழுத்து. 'பி.என்.சி.' என்பதையும் 'பிரிட்டிஷ் நேவல் கனெக்டர்' என்று விரிப்பார்கள். அதுவும் தவறு. பி என்பது 'பயனெட்', துப்பாக்கிக் கத்தியைப்போலச் செருகித் திருகிப் பூட்டும் முறை. என் என்பது நீல். சி என்பது அம்பினோல் நிறுவனத்தின் கார்ல் கொன்செல்மன். இதிலும் ஒரு முடிச்சு உண்டு. இவ்வகை இணைப்பிக்கு 1951இல் வழங்கப்பட்ட அமெரிக்கக் காப்புரிமை, ஹேசல்ரைன் நிறுவனத்தைச் சேர்ந்த ஒக்ராவியோ சலாற்றியின் பெயரில் இருக்கிறது. ஒருவர் காப்புரிமைப் பத்திரத்தில் இடம்பெற்றார். இருவர் முதலெழுத்துகளாக எஞ்சினர்.

போருக்குப் பின்னர் அதிர்வெண் ஏற ஏற, இணைப்பி சிறுத்தது. வடத்தின் உள்ளகலம் அலைநீளத்தோடு ஒப்பிடத்தக்கதாகிவிட்டால், அலை பல கோலங்களில் சிதறிப் பயணிக்கத் தொடங்கும் என்பதே காரணம். 1958இல் பென்டிக்ஸ் ஆய்வுகூடத்தில் ஜேம்ஸ் சீல் தொடக்கிய வடிவமைப்பிலிருந்து 'எஸ்.எம்.ஏ.' வளர்ந்தது. பின்னர் வந்தவை 3.5, 2.92, 2.4, 1.85 மில்லிமீற்றர் எனத் தம் வெளிக்கடத்தியின் உள்விட்டத்தையே பெயராகக் கொண்டன. 110 கிகாஹேர்ட்சுக்கு 1 மில்லிமீற்றர் இணைப்பி வந்தது. மனிதரின் பெயர் இருந்த இடத்தில் அளவு வந்து அமர்ந்துவிட்டது.

பெயரறியாமை சிலவேளை பெருஞ்செலவையும் வைக்கும். 'என்' வகையில் 50 ஓம், 75 ஓம் என இரண்டு உண்டு. தோற்றத்தில் இரட்டையரைப் போன்றவை. ஆனால் 75 ஓம் இணைப்பியின் நடு ஊசி மெல்லியது. 50 ஓம் ஆண் இணைப்பியை 75 ஓம் பெண் இணைப்பிக்குள் செருகினால், உள்ளிருக்கும் பிடிவிரல்கள் விரிந்து நிரந்தரமாகப் பழுதாகிவிடும். அதுபோலவே எஸ்.எம்.ஏ. இணைப்பி 3.5 மில்லிமீற்றருடன் பொருந்தும். ஆனால் செம்மையற்ற ஊசியுடைய மலிவான ஒன்று, விலையுயர்ந்த கருவியின் வாயைக் கெடுத்துவிடும். 2.4 மில்லிமீற்றருடனோ அது பொருந்தவே பொருந்தாது.

பத்திரிகைத் தொழிலில் நான் கற்ற முதற் பாடம், பெயரைச் சரிபார் என்பதே. ஒருவரது பெயர் தவறாக அச்சானால் மறுநாள் திருத்தம் வெளியிடலாம். நீலின் பெயர் கடற்படையின் பெயராகத் திரிந்து பல தசாப்தங்கள் வாய்வழி உலவியபோது, திருத்தம் கேட்க யாருமில்லை. போட்டி நிறுவனங்களின் கருவிகளெல்லாம் இன்று ஒன்றோடொன்று தடையின்றிப் பேசுவது, இணையும் இடத்தை ஒரே அளவில் செய்ய வழிகாட்டிய இத்தகையோரால்தான். அந்த ஓரெழுத்தையாவது நாம் சரியாக வாசிப்போமாக.