ரங்கப்பிள்ளை மாளிகையும் தோட்டத்து லயமும்

ஒரு சமுதாயத்தின் வரலாறு ஏடுகளில் மட்டுமன்றி, அது வாழ்ந்த கட்டடங்களிலும் பதிந்துள்ளது. ஏட்டுக்குப் படி எடுக்கலாம். இடிந்த கட்டடத்துக்குப் படி எடுத்தல் இயலாது. எக்கட்டடம் காக்கப்படுகின்றது, எது கைவிடப்படுகின்றது என்பதை ஆராய்வார்க்குப் பிரெஞ்சியரின் துறைமுக நகராக விளங்கிய புதுச்சேரி சிறந்ததோர் எடுத்துக்காட்டாகும். அது தரும் பாடம் சப்ரகமுவத் தோட்டங்களுக்கும் உரியது.

ஆளுநர் தூப்பிளேயின் தலைமைத் துபாஷியாக விளங்கியவர் ஆனந்தரங்கப்பிள்ளை (1709–1761). 18ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் எழுந்த அவரது மாளிகையின் கீழ்த்தளம், செதுக்கு வேலைப்பாடமைந்த மரத்தூண்களுடன் தமிழர் முற்றவீட்டு முறையில் அமைந்தது. மேற்றளமோ வெண்சுதைத் தூண்களுடன் பிரெஞ்சு முறையைத் தழுவியது. இரு பண்பாடுகள் ஒரு கூரையின்கீழ்ச் சந்தித்தமைக்கு இம்மாளிகை கண்கூடான சான்றாகும்.

1761 ஜனவரியில் பிள்ளை மறைந்த சில நாள்களில் நகர் ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. கோட்டையும் வெள்ளையர் பகுதியும் தரைமட்டமாக்கப்பட்டன, மாளிகை தப்பியது. 1736 முதல் அவர் எழுதிவந்த நாட்குறிப்பு 1846இல் கண்டெடுக்கப்பட்டது. 1904க்கும் 1928க்கும் இடையில் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு பன்னிரு தொகுதிகளாக வெளிவந்தது. எழுத்து அச்சேறி நிலைபெற்றுவிட்டது. மாளிகையையோ ஒவ்வொரு தலைமுறையும் புதிதாகக் காத்தல் வேண்டும்.

காவாதுவிடின் நேர்வது யாதென்பதை அந்நகரின் மேரி எனப்படும் நகரமண்டபம் உணர்த்தியது. 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அக்கட்டடம் 2014 நவம்பரில் பெருமழையில் இடிந்து வீழ்ந்தது. பின்னர் அதே தோற்றத்தில் எழுப்பப்பட்டு 2021இல் திறக்கப்பட்டது. உருவம் மீண்டதாயினும் பழைய சுவர் மீளவில்லை. மாறாக, வைசியர் வீதியில் மக்கள் வாழ்ந்துகொண்டிருந்த பழைய வீடுகளே அவர்தம் ஒத்துழைப்புடன் செப்பனிடப்பட்டன. அப்பணி 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசுபிக் மரபுரிமை விருதினைப் பெற்றது. காலத்தே செய்யும் பழுதுபார்ப்பும், அங்கு வாழ்வோரின் உடன்பாடுமே கட்டடங்களைக் காப்பன என்பது இவற்றாற் பெறப்படும்.

இனி, சப்ரகமுவவை நோக்குவோம். 1814 வரை இப்பகுதியின் திசாவையாக இருந்த எஹலபொலவின் வளவு இன்று இரத்தினபுரித் தேசிய நூதனசாலையாகப் பேணப்படுகின்றது. இது போற்றத்தக்கதே. ஆயின், அதே மாவட்டத்தின் தோட்டங்களிலுள்ள பழைய லயங்கள், பெரட்டுக்களங்கள், பிள்ளைக்காம்பராக்கள் ஆகியவற்றின் நிலை வேறு. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம், கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமான 1815 மார்ச் 2ஆம் நாளைத் தொன்மையின் எல்லையாகக் கொள்கின்றது. அதற்குப் பிற்பட்டவற்றைக் காக்க அமைச்சரின் தனிக்கட்டளை வேண்டும். மலையகத் தமிழரின் பெருங் குடிபெயர்வு தொடங்கியதோ 1820களில். எனவே, அவர்தம் கட்டடங்கள் அனைத்தும் அந்த எல்லைக்கு வெளியே நிற்கின்றன.

இது வெறும் சட்ட நுணுக்கமன்று. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் தந்தைவழி முன்னோர் இந்நாட்டிற் பிறந்தமைக்குச் சான்று கேட்டபோது, காட்டுதற்குப் பத்திரமின்றி நாடற்றோராயினர் தோட்டமக்கள். தலைமுறை தலைமுறையாக அவர்கள் இம்மண்ணில் வாழ்ந்தமைக்கு லயமே சாட்சி.

லயங்களைக் காத்தல் என்பது மக்களை அவற்றிலேயே இருத்திவைத்தலாகாதோ என வினவலாம். வினா நியாயமானதே. இடநெருக்கடி மிக்க காம்பராவில் அல்லலுறுவோருக்கு வேண்டுவது காணியுரிமையுடன் கூடிய தனிவீடு. மரபுரிமையின் பெயரால் அதனைத் தாமதித்தல் கொடுமையாகும். ஆயின், மக்கள் வெளியேறிய பின்னர் இரத்தினபுரியிலும் கேகாலையிலும் ஒவ்வொரு லயத்தையாயினும், செக்றோல் பதிவேடுகளோடும் தொழிற்கருவிகளோடும் பேணுதல் இயலாத காரியமன்று. கம்பளைக்கு அண்மையில் பழைய லயமொன்று தோட்டத் தொழிலாளர் நூதனசாலையாக 2007இல் மாற்றப்பட்டமை இதற்கு வழிகாட்டுகின்றது.

ரங்கப்பிள்ளைக்கு மாளிகையும் இருந்தது, நாட்குறிப்பும் இருந்தது. தோட்டத் தொழிலாளருள் மிகப் பலருக்கு எழுதும் வாய்ப்பே மறுக்கப்பட்டது. அவர்தம் லயங்கள் ஒன்றுவிடாது இடிந்துபோயின், அவர்கள் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதைத் தோட்டத்துரைமாரின் கணக்கேடுகளைக் கொண்டே பின்னோர் அறியவேண்டிவரும்.