லிக்னோக்கெயின் மருந்தும் இருதய அவசர சிகிச்சையும்

ஒரு மருந்து நோயின் குறியை நீக்குவதும் நோயாளியின் உயிரைக் காப்பதும் ஒன்றல்ல. இவ்வேறுபாட்டை மருத்துவ உலகு உணர்ந்துகொண்ட வரலாற்றிலே லிக்னோக்கெயினுக்குத் தனியிடம் உண்டு.

1943 ஆம் ஆண்டில், சுவீடன் நாட்டின் ஸ்ரொக்ஹோம் நகரில், நில்ஸ் லொஃப்கிரென் என்னும் இரசாயனவியலாளர் இதனை ஆக்கினார். உடன் உழைத்த பெங்ற் லுண்ட்குவிஸ்ற் அதனைத் தம் உடலிலேயே செலுத்திச் சோதித்தார். 1948 இல் அது விறைப்பு மருந்தாக விற்பனைக்கு வந்தது. நரம்பினுள்ளே சோடியம் அயன்கள் புகுவதைத் தடுத்து வலியுணர்வை நிறுத்துவதே அதன் தொழில். இருதயத் தசையின் மின் கணத்தாக்கத்திற்கும் அவ்வயன்களே காரணமாதலின், அங்கும் அது செயற்பட வல்லது. 1950 இல், இருதயத்தினுட் குழாய் செலுத்தும்போது எழுந்த துடிப்புக் குழப்பத்தை அடக்க அது பயன்படுத்தப்பட்டது.

மாரடைப்பு நோயாளரைத் தனி அலகுகளில் வைத்து, அவர்தம் இருதய மின்வரைபை இடைவிடாது கண்காணிக்கும் முறை 1960களிற் பரவியது. மாரடைப்பின் தொடக்க மணித்தியாலங்களிற் பலரின் உயிரைக் கவர்ந்தது இதயவறை நடுக்கமாகும். அந்நிலையில் இதயவறைகள் சுருங்காது துடிதுடிக்க, குருதியோட்டம் நின்றுவிடும். அதற்கு முன்னறிகுறியெனக் கருதப்பட்ட மிகைத்துடிப்புக்களை லிக்னோக்கெயின் அடக்கியது. ஆகவே, நடுக்கம் தோன்றுமுன்னரே அதனை நாளத்தினூடாகச் செலுத்துவது வழக்கமாயிற்று. 1974 இல் வெளியான நெதர்லாந்து ஆய்வொன்று இவ்வழக்கத்திற்கு வலுவூட்டியது. மருந்து பெற்ற 107 பேரில் ஒருவருக்கேனும் நடுக்கம் ஏற்படவில்லை. பெறாத 105 பேரில் ஒன்பது பேருக்கு ஏற்பட்டது. எனினும், இறந்தோர் தொகையிற் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

பல ஆய்வுகளை ஒருங்கு நோக்கி 1988 இல் வெளியான மதிப்பீடு இதனை மேலும் தெளிவாக்கியது. மருந்தினால் நடுக்கம் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைந்தது, மரணமோ குறையவில்லை. சற்றுக் கூடியதாகவே தோன்றிற்று. ஆயின் அக்கூடுதல் தற்செயலானதாகவும் இருக்கலாம். அலகினுள் நேரும் நடுக்கத்தை மின்னதிர்ச்சி உடனே நீக்கிவிடும். ஆனால், மருந்தோ சிலரில் இருதயத்தின் இயல்பான இயக்கத்தையும் தளர்த்தக்கூடியது.

இவ்வினத்தைச் சேர்ந்த வேறிரு மருந்துகளைப் பற்றிய அமெரிக்க ஆய்வு 1989 இல் இடைநிறுத்தப்பட்டது. மாரடைப்பிலிருந்து மீண்டோரின் மிகைத்துடிப்பை என்கெயினைட்டும் ஃபிளெக்கெயினைட்டும் நன்கு அடக்கின. ஆயினும், 1991 இல் வெளியான கணக்கின்படி, அவற்றைப் பெற்றோருள் 63 பேரும், போலி மாத்திரை பெற்றோருள் 26 பேரும் இறந்திருந்தனர். இரு பிரிவுகளும் ஏறக்குறைய ஒரேயளவு நோயாளரைக் கொண்டவை.

இதனால் லிக்னோக்கெயின் முற்றாகக் கைவிடப்படவில்லை. அதன் இடம் வரையறுக்கப்பட்டது. மின்னதிர்ச்சிக்கும் அடங்காத நடுக்கத்திற்கு அமியோடறோன் அல்லது லிக்னோக்கெயின் இன்றும் பயன்படுகின்றது. வைத்தியசாலைக்கு வெளியே இருதயம் நின்றோரிடையே வட அமெரிக்காவில் நடத்தப்பெற்று 2016 இல் வெளியான ஆய்வில், உயிருடன் வீடு திரும்பியோர் முறையே 24.4, 23.7 சதவீதத்தினர், போலி மருந்து பெற்றோரில் 21.0 சதவீதத்தினர். இச்சிறு வேறுபாடு முடிந்த முடிபன்று. பிறர் கண்முன்னே வீழ்ந்தோரில் மாத்திரம் பயன் தெளிவாய்த் தெரிந்தது.

தர்க்கத்திற்குப் பொருந்தும் சிகிச்சை யாவும் உயிர் காப்பதில்லை. மின்வரைபின் அமைதியை அன்றி, பிழைத்தோரின் தொகையையே அளவுகோலாகக் கொள்ளல் வேண்டும் என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.