பித்தளைக் கோதும் பருவ வெடிப்பும்: ஒரு வரலாற்று நோக்கு

1857ஆம் ஆண்டின் இந்தியக் கிளர்ச்சியைப் பற்றி எழுதுவோர் கொழுப்புப் பூசிய தோட்டாவைக் குறிப்பிடாது விடுவதில்லை. என்பீல்ட் துப்பாக்கிக்குரிய அத்தோட்டா கடதாசியாலானது. அதனைப் பல்லாற் கடித்துத் திறக்க வேண்டியிருந்தமையால், அதிற் பூசப்பட்டது பசுவினதும் பன்றியினதும் கொழுப்பு என்ற ஐயம் சிப்பாய்களைக் கொதித்தெழச் செய்தது. கடதாசித் தோட்டாவின் இடத்தைப் பின்னர் பெற்ற பித்தளைத் தோட்டாவும் அதே இந்திய மண்ணிற் பிரித்தானியப் படைக்கு வேறொரு தொல்லையைக் கொடுத்தது. அத்தொல்லை அரசியற் புயல் எதனையும் எழுப்பாமையால் வரலாற்று நூல்களில் அதற்கு இடம் கிடைக்கவில்லை. எனினும், ஒரு நிகழ்ச்சிக்குக் காரணம் காணும் முறையை அது தெளிவாக உணர்த்துகின்றது.

1866இல் சினைடர் துப்பாக்கிக்கென எட்வேட் பொக்சர் வகுத்த தோட்டாவின் கோது, மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டிச் செய்யப்பட்டது. 1880களில், ஒரே துண்டுப் பித்தளையை இழுத்துச் செய்த கோது அதன் இடத்தைப் பெறலாயிற்று. கோது வெறும் உறையன்று. மருந்து வெடிக்கும்போது அது விரிந்து துப்பாக்கியின் உட்சுவரோடு ஒட்டி, வாயு பின்னோக்கி வராது தடுக்கின்றது. மறுகணமே சிறிது சுருங்கி வெளியே எடுக்க இடங்கொடுக்கின்றது. ஆதலின் அதன் வாய்ப்புறம் இளகியதாகவும் அடிப்புறம் கடினமானதாகவும் இருத்தல் வேண்டும்.

இப்பண்புகளைத் தருவது நூற்றுக்கு 70 பங்கு செம்பும் 30 பங்கு நாகமும் கலந்த பித்தளையாகும். அதன் தகட்டிலிருந்து வட்டங்களை வெட்டி, கிண்ணம்போற் குழித்து, அச்சுக்களினூடாகப் பலமுறை இழுத்து நீளமாக்குவர். ஒவ்வோர் இழுப்பிலும் உலோகம் இறுகும். பாத்திரம் அடிக்கும் கன்னார் இடையிடையே பித்தளையை உலையிலிட்டு இளகச் செய்வதுபோல, தொழிற்சாலையிலும் இழுப்புகளுக்கிடையே அதனை ஏறத்தாழ 600 பாகை சென்ரிகிரேட் வரை காய்ச்சி ஆற்றுவர்; பின் ஐதான சல்பூரிக்கமிலத்திற் கழுவுவர். ஆனால் இறுதி இழுப்பின் இறுக்கம், கோதுக்கு வலிமை வேண்டி, அவ்வாறே விடப்பட்டது. அவ்விறுக்கத்தோடு கண்ணுக்குப் புலனாகாத உள்ளிழுவிசையும் உலோகத்தினுள் தங்கிவிட்டது.

இந்தியாவில் மழைக்காலத்திற் படை நடவடிக்கைகள் குறைந்தபோது தோட்டாக்கள் குதிரை லாயங்களிற் சேமித்து வைக்கப்பட்டன என்றும், மழை நீங்கியபின் எடுத்துப் பார்க்கையிற் பல கோதுகள் வெடித்துக் காணப்பட்டன என்றும் உலோகவியல் நூல்கள் கூறுகின்றன. களத்திற் படைவீரனின் உயிர் அக்கோதிலேயே தங்கியிருந்தது. இக்கேட்டுக்குப் ‘பருவ வெடிப்பு’ என்று பெயரிட்டனர். மழைப்பருவத்தோடு சேர்ந்து தோன்றியமையால் இப்பெயர் வந்தது என்பர். வெட்டிய மரம் உலரும்போது வெடிப்பதை ஒத்திருந்தமையால் வந்தது என்பாரும் உளர். எவ்வாறாயினும் அப்பெயர் கேட்டின் காலத்தையோ தோற்றத்தையோ சுட்டிற்றேயன்றிக் காரணத்தைச் சுட்டவில்லை.

காரணத்தை 1921இல் மூர், பெக்கின்சேல், மலின்சன் என்னும் மூவர் தெளிவாக்கினர். குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அமோனியா, ஈரக்காற்றின் துணையோடு, பித்தளையின் நுண்பளிங்குகளின் எல்லைகளைத் தாக்கியது. உள்ளிழுவிசை அவ்வெல்லைகளைப் பிளந்து வெடிப்பை ஆழப்படுத்தியது. உள்ளிழுவிசை நீங்கிய கோது அதே லாயத்தில் வெடிக்காது தப்பியிருக்கும். அமோனியா அணுகாத இடத்தில் இழுவிசையுடைய கோதும் நெடுங்காலம் கெடாதிருக்கலாம். இரண்டும் கூடியபோதே கேடு விளைந்தது. லாயத்தை விலக்குவது ஒரு பரிகாரமே. கோதினுள் இருந்த குறையை அது நீக்கமாட்டாது. சுமார் 250 முதல் 300 பாகை வரை மிதமாகக் காய்ச்சினால், வலிமை பெரிதும் குன்றாமலே உள்ளிழுவிசை தணியும் என்பது நிலையான பரிகாரமாயிற்று.

இங்கு அளவே முக்கியமானது. கழுத்தையும் வாயையும் அதிகம் காய்ச்சி இளக்கலாம். அடிப்புறம் இளகினாலோ வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்காது. இராணுவத் தோட்டாக்களின் கழுத்தில் இன்றும் காணப்படும் நீலம் பாய்ந்த நிறம் அக்காய்ச்சலின் தடயமே. வெற்றுக்கோதை மீண்டும் நிரப்பிப் பயன்படுத்துவோருக்கும் இவ்விதி பொருந்தும். ஒவ்வொரு வேட்டிலும் விரிந்து, ஒவ்வொரு முறையும் அச்சிலிட்டுச் சுருக்கப்படும் கழுத்து வரவர இறுகி ஈற்றிற் பிளக்கும். அதனை எத்தனை வேட்டுக்கு ஒருமுறை காய்ச்சி ஆற்றுவது என்பதற்கு யாவருக்கும் பொருந்தும் எண் இல்லை. கழுத்து எவ்வளவு விரிந்து சுருங்குகின்றதோ அதற்கேற்பவே தவணை அமையும்.

இத்தெளிவோடு 1857ஐ மீள நோக்குதல் தகும். 1856இல் அயோத்தி இணைக்கப்பட்டது. அதே ஆண்டில், புதிதாகச் சேரும் சிப்பாய்கள் கடல்கடந்தும் பணிபுரிய வேண்டுமெனச் சட்டம் வந்தது. வாரிசற்ற அரசுகளைக் கைப்பற்றும் டல்ஹௌசியின் கொள்கை அரச குடும்பங்களைப் பகைவராக்கியிருந்தது. இவையாவும் சமுதாயத்தினுள் தேங்கி நின்ற இழுவிசைகள். கொழுப்புத் தோட்டா அவற்றைத் தீண்டிய அமோனியா எனலாம். கொழுப்பை மாத்திரம் காரணமாகக் கொள்வோர் லாயத்தை மாத்திரம் பழிப்போரை ஒப்பர். கொழுப்பைப் பொருட்படுத்தாதோர், வெடிப்பு அவ்வேளையில் ஏன் நிகழ்ந்தது என்பதற்கு விடைகூற இயலாதோராவர். உள்ளே தேங்கியதையும் வெளியே தீண்டியதையும் ஒருங்கே காண்பதே வரலாற்றாசிரியனின் கடமையாகும்.